பால் பத்தவில்லை என்று தோன்றினால்: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் பிள்ளை ஒரு தடவை வீறிட்டு அழுததும் சொல்வது இதுதான்: "பால் பத்தலை போலருக்கு, ஒரு டின் வாங்கி வச்சிரும்மா." சில வீடுகளில் இதற்கு நேர்மாறு. பிள்ளை நிஜமாகவே வாடிக்கொண்டிருக்கும், "எல்லாம் போகப் போகச் சரியாயிடும், பொறுத்துக்கோ" என்று தாயை உட்கார வைத்திருப்பார்கள். முதல் வீட்டில் தேவையில்லாத டின் வந்து, இருந்த பாலும் குறைகிறது. இரண்டாவது வீட்டில் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இரண்டையும் நான் இங்கே தோட்டத்து வீடுகளிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். என் மூத்த மகளுக்குப் பால் நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது, தாய்ப்பாலும் மாவுப் பாலும் கலந்துதான் அவளை வளர்த்தேன், அதனால் இது எனக்கு வெறும் தகவல் இல்லை.

கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, பாலுக்கு வாயே திறக்காதது, பிறந்து மூன்று நாள் தாண்டிய பிள்ளைக்கு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, உச்சிக்குழி உள்ளே அமுங்கி வாய் உலர்ந்திருப்பது, 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மஞ்சள் நிறம் வயிற்றைத் தாண்டிக் காலுக்கு இறங்கியிருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியோ ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போங்கள், வண்டி இல்லையென்றால் 999. பச்சைப் பிள்ளைக்கு நீர்ச்சத்து குறைந்தால் நிலைமை மணிக்கணக்கில் மாறும், பெரியவர்கள் மாதிரி நாள் கணக்கு இல்லை.

பாம்பர்ஸில் செங்கல் நிறத்தில் ஒரு பொடிக் கறை தெரிந்தால், முதல் இரண்டு மூன்று நாட்களில் அது பெரிய விஷயம் இல்லை. அதற்குப் பிறகும் வந்தால் பிள்ளைக்குப் பால் போதாமல் இருக்கலாம், அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.

பால் நிஜமாகவே குறைவா? முதலில் பாம்பர்ஸை எண்ணுங்கள்

மார்பு கல்லு மாதிரி இருக்கிறதா, தளர்ந்து இருக்கிறதா, பிள்ளை எவ்வளவு நேரம் சப்புகிறது, இதையெல்லாம் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே போனது வெளியே வரும், அதைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தடவை நனைத்தால் போதும், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் நன்றாகக் கனமாக நனைந்திருக்க வேண்டும். இப்போதைய பாம்பர்ஸ் எவ்வளவு ஊற்றினாலும் உலர்ந்த மாதிரியே காட்டும். புதுசாக ஒன்றை எடுத்து மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், நனைந்தது எவ்வளவு கனக்கும் என்று கை தெரிந்துகொள்ளும். முதல் வாரம் மட்டுமாவது துணி லம்பின் (இடுப்புத் துணி) கட்டினால் இந்தக் குழப்பமே இருக்காது.

மலம் முதலில் தார் நிறத்தில் கறுப்பாக இருக்கும், அப்புறம் பச்சை, நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். மஞ்சளான பிறகு ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது போனால் நல்லது. ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால் உள்ளே பால் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். (ஆறு வாரத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் போவார்கள், அது வேறு கதை, பயப்பட வேண்டாம்.)

அடுத்தது எடை. பிறந்ததும் எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். 7 சதவீதம் வரை பொதுவாகக் கவலை இல்லை, 10 சதவீதத்தைத் தொட்டால் யாராவது தெரிந்தவர் உட்கார்ந்து பால் கொடுப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2.7 கிலோவுக்கு வந்தால் அதுதான் அந்த 10 சதவீதம். இறங்கிய எடை 10 நாளிலிருந்து 14 நாளுக்குள் திரும்பிவிட வேண்டும், அப்புறம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். எப்போதும் ஒரே தராசில், துணியில்லாமல் நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டுத் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பதை நம்பாதீர்கள், அந்தத் தராசுக்கு 30 கிராம் கண்ணுக்கே தெரியாது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி (நர்ஸ்) வீடு தேடி வருவார், அவர் வரும்போது பிள்ளைக்கு வேறு யாராவது மருந்து தடவிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு முதலில் எடையைப் பாருங்கள்.

"எப்பப் பார்த்தாலும் அழுகிறது, மார்பு காலியாகக் கிடக்கிறது, பம்ப் வைத்தால் அடியில்தான் நிற்கிறது"

பாம்பர்ஸ் கணக்கும் எடையும் சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் குறைவு இல்லை. இதை நம்ப மனசு வராது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இதுதான் உண்மை. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து, பதினொன்று வரை விட்டு விட்டு மார்பிலேயே கிடக்கும், கீழே வைத்தால் கத்தும். அது பசி மட்டும் இல்லை, அந்த நேரத்தில் அப்படித்தான் குடிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று இரண்டு நாளைக்கு வெறி பிடித்த மாதிரி குடிக்கும், அதுவும் சகஜம். சில வாரம் போன பிறகு மார்பு கனக்காமல் தளர்ந்து இருப்பது, எவ்வளவு தேவை என்று உடம்பு கணக்குப் பிடித்துக்கொண்டதால். பம்பில் வருவது பிள்ளை குடிப்பதன் அளவே இல்லை, நல்ல பால் உள்ள தாய்க்குக்கூடப் பம்ப் பிடிக்காமல் போகும்.

இந்த வீடுகளில் செய்ய வேண்டிய வேலை தாய்க்கு இல்லை, சுற்றி இருப்பவர்களுக்கு. அந்தச் சாயங்காலம் சோற்றை யாராவது ஊட்டிவிடட்டும், மூத்த பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

"மூன்று நாள் ஆகியும் பால் இறங்கவில்லை"

சீம்பால் முதல் நாளிலிருந்தே இருக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும், பிள்ளைக்கும் அவ்வளவுதான் வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லிதான் குடிக்கும், அடுத்த நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60. ஆகவே இரண்டாம் நாளே 60 மில்லி புட்டியைக் காட்டி "பாரு, ஒரே மூச்சில குடிச்சிருச்சு, பாவம் பசி" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. வாயில் ஊற்றினால் பிள்ளை விழுங்கத்தான் செய்யும்.

பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் பால் இறங்கும். முதல் பிரசவம், ஆபரேஷன், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), அதிக எடை, பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது, இவற்றில் ஏதாவது இருந்தால் 72 மணி நேரத்தைத் தாண்டலாம். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டாலும் பால் இறங்காது. ரத்தப்போக்கு குறையாமல், துர்நாற்றத்தோடு, காய்ச்சலோடு இருந்தால் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கையால் பீய்ச்சுவதுதான் முக்கியம். சீம்பால் பிசுபிசுப்பானது, பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கைதான் இதற்குச் சரி. என் தங்கச்சிக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். மார்பை வெந்நீர்த் துணியால் ஒத்தி, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே வைக்க வேண்டும். முதலில் நெஞ்செலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்றாகக் கொண்டுவந்து, விட வேண்டும். காம்பைக் கிள்ளவோ தோலைத் தேய்த்து இழுக்கவோ கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே வரவில்லை, அவள் கண் கலங்கிவிட்டாள். அப்புறம் மஞ்சளாக ஒரு மணி வந்து காம்பு நுனியில் நின்றது, எங்கள் அம்மா கொதித்த தண்ணீரில் போட்டு எடுத்த ஒரு டீஸ்பூனைக் கீழே பிடித்தார். அந்த ஸ்பூன் பாதி நிறைந்ததும் அப்படியே பிள்ளையின் உதட்டில் வைத்தோம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, பிள்ளை குடித்து முடிக்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். பிள்ளையை மேல் சட்டை இல்லாமல் உங்கள் நெஞ்சோடு தோலும் தோலும் படப் போட்டுக்கொண்டு கிடந்தால் பால் சீக்கிரம் இறங்கும்.

"பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது, தொந்தரவே இல்லை"

எனக்கு மிகவும் பயம் தரும் அறிகுறி இதுதான். நல்ல பிள்ளை என்று ஊரே மெச்சும், எடை மட்டும் இறங்கும். பால் போதாததால் சோர்ந்து தூங்குகிறது, தூங்குவதால் குடிப்பதில்லை, குடிக்காததால் மஞ்சள் ஏறுகிறது, மஞ்சள் ஏறினால் இன்னும் தூக்கம். இங்கே எல்லாரும் குனிங் என்று சொல்கிறோமே, அந்தக் காமாலைக்கு ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதுவும் நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு. காலை வெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள், பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அலமாரியில் பாச்சை உருண்டை (அந்துருண்டை) போட்டு வைத்த துணியே காமாலையைக் கூட்டிவிடும்.

இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும், எழுப்பிக் கொடுங்கள். இறுக்கிச் சுற்றிய துணியை அவிழ்த்து, லம்பினை மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் பசி மறந்து தூங்கிவிடும், எடை திரும்பும்வரை தொட்டில் வேண்டாம். நடுவில் சப்புவதை நிறுத்தினால் மார்பைக் கையால் மெதுவாக அமுக்குங்கள், பால் வாய்க்குள் போனதும் மறுபடி விழுங்கும்.

"ஒரு மணி நேரம் சப்புகிறது, காம்பு புண்ணாகிவிட்டது"

இது பெரும்பாலும் வாய் வைக்கும் விதத்தில் உள்ள கோளாறு. பிள்ளை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சப்பையாகவோ நுனி வெளுத்தோ இருந்தால் அது காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது, பால் இழுக்கவில்லை. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு, மூக்கு காம்புக்கு நேராக, தாடை மார்பில் அழுந்த, வாய் பெரிதாகத் திறந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகாதீர்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. ஆபரேஷன் தையல் வலித்தால் பிள்ளையைக் கக்கத்தின் கீழ் இடுக்கிக்கொண்டு, கால் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைத்துக் கொடுங்கள். நன்றாகக் குடிக்கும்போது இரண்டு மூன்று சப்புக்கு ஒரு தடவை விழுங்கும் சத்தம் மெதுவாகக் கேட்கும், அதைக் கேட்கப் பழகுங்கள். எவ்வளவு மாற்றி வைத்தாலும் 'டக் டக்' என்று பிடி விடும் சத்தமும் வலியும் நிற்கவில்லை என்றால் நாக்கின் அடியில் உள்ள சவ்வு இழுத்துப் பிடித்திருக்கலாம், காட்டுங்கள்.

"எடை ஏறவில்லை, கூடுதலாகப் பால் கொடுங்கள் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார்"

கொடுங்கள். தயங்காதீர்கள், அழாதீர்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பசியில் கிடக்கும் பிள்ளைக்கு உங்கள் மார்பில் இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது. வயிறு நிறைந்து நான்கு நாள் ஆனதும் அதே பிள்ளை மார்பை நன்றாக இழுக்கும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். பிள்ளைக்கு வெளியிலிருந்து பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் மார்பிலிருந்தும் பால் எடுக்கப்பட வேண்டும், கையாலோ பம்பாலோ. இறைக்கிற கிணறுதான் ஊறும். அம்மா மாவைக் கலக்கிப் புட்டியில் கொடுக்கிறார், நீங்கள் தூங்குகிறீர்கள், மார்பு நிறைந்தபடியே கிடக்கிறது என்றால், இவ்வளவு பால் தேவையில்லை போல என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். இப்படித்தான் ஒரு வேளைப் புட்டி இரண்டாகி, நான்காகி, இரண்டு மாதத்தில் மார்பு நின்றுபோகிறது.

வரிசை இதுதான்: முதலில் மார்பில் இரண்டு பக்கமும், அப்புறம் கூடுதல் பால், அப்புறம் பத்து பதினைந்து நிமிடம் பம்ப். மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும், இல்லாவிட்டால் நீங்கள் தூங்கவே முடியாது. மார்பில் ஒரு மணி நேரம் போராடிவிட்டு அப்புறம் கூடுதல் பால் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளையும் சோர்ந்துவிடும். நாளைக்கு ஒரு தடவை, ஓய்வாக உட்கார முடிகிற நேரத்தில், 20 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, 10 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம் பம்ப் என்று ஒரு மணி நேரம் செய்து பாருங்கள், பலன் தெரிய சில நாள் ஆகும். பம்பின் புனல் காம்பு அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், பெட்டியோடு வருவது பலருக்குப் பெரிதாக இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? முதல் வாரம் முடியும்போது, முழுக்க வெளிப்பால் என்றால் ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 150 மில்லி கணக்கு. 3 கிலோ பிள்ளைக்கு 450 மில்லி, எட்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 55 மில்லிக்குக் கொஞ்சம் மேல். மார்பிலும் குடிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு பங்குதான் தேவைப்படும், 15, 20, 30 மில்லி என்று மிஸ்ஸியோ டாக்டரோ எடையைப் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் பீய்ச்சிய பால் இருந்தால் அதுதான் முதலில், மீதிக்குத்தான் மாவு.

எதில் கொடுப்பது? நம் வீடுகளில் பால் சங்கு இருக்குமே, கொதிக்க வைத்த சங்கு இந்த வேலைக்கு அருமையானது, சின்ன அளவுக்குப் புட்டியே வேண்டாம். பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி மடியில் உட்கார்த்தி, சங்கின் மூக்கைக் கீழ் உதட்டில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துக் காத்திருங்கள். பிள்ளை தானாக நாக்கை நீட்டி உறிஞ்சட்டும். பழைய பாட்டிகள் சிலர் படுக்கப் போட்டு, அழும்போது வாயில் ஊற்றுவார்கள், புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும், அதைச் செய்யவே வேண்டாம்.

எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம் என்கிறது 25 டிகிரிக்கான கணக்கு. நம் ஜிங்க் கூரையின் கீழ் மத்தியானம் 25 டிகிரி எங்கே இருக்கிறது? உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி, 4 நாள் தாங்கும்.

மாவு கலக்கும்போது

டின்னில் உள்ள பவுடர் கிருமியே இல்லாதது என்று நினைக்காதீர்கள். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே மாவைக் கலக்கி, அப்புறம் குழாய்த் தண்ணீரில் புட்டியைப் பிடித்து ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். காலையில் பிடித்த தர்மோஸ் தண்ணீர் மத்தியானம் இந்தச் சூட்டில் இருக்காது. கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், பிள்ளை மிச்சம் வைத்ததை ஊற்றிவிடுங்கள்.

எத்தனை மில்லிக்கு எத்தனை கரண்டி என்பது டின்னுக்கு டின் மாறும், பக்கத்து வீட்டு டின்னைப் பார்த்துக் கலக்காதீர்கள். முதலில் தண்ணீர், அப்புறம் மாவு, கரண்டியைத் தட்டி மட்டமாக்கி. சம்பளத்துக்கு முந்தின வாரம் டின் நீடிக்கட்டும் என்று ஒரு கரண்டி குறைத்துப் போடுவது நடக்கிறது, எனக்கு அந்தக் கஷ்டம் புரியும், ஆனால் அது பிள்ளையின் உப்பைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகும். காசு தட்டுப்பட்டால் கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலை கூடிய டின்தான் நல்லது என்பதும் இல்லை, பிறந்த பிள்ளைக்கு உரிய முதல் படி மாவு எந்த டின்னாக இருந்தாலும் போதும்.

சூசு பெக்காட், அதாவது கோப்பிக் கடைக் கெட்டிப்பால், பச்சைப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று, இந்த இனிப்புப் பாலைப் பிள்ளைகளுக்கு விற்பது கொலை என்றே பேசினார். இன்றைக்கும் "எங்க காலத்துல அதைத்தான் குடுத்தோம்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடியுமுன்னே தோட்டத்தில் பிரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய் நிற்க வேண்டியவர்கள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் வெட்டுக்குப் போனவர்கள், வேறு வழி இல்லாமல் கொடுத்தார்கள். உங்களுக்கு வழி இருக்கிறது. அதே மாதிரி சர்க்கரைத் தண்ணீர், தேன், வெறும் தண்ணீர், உரை மருந்து எதுவும் ஆறு மாதத்துக்குள் வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடாது.

"புட்டி பழகிய பிறகு மார்பைப் பார்த்தாலே திமிறுகிறது"

புட்டியில் பால் தானாக ஊற்றும், மார்பில் இழுக்க வேண்டும். அதனால் புட்டியையும் மெதுவாக்குங்கள். மிக மெல்ல ஓடும் நிப்பிள், பிள்ளை நிமிர்ந்த நிலையில், புட்டி படுக்கைவாட்டில், நாலைந்து விழுங்கலுக்கு ஒரு தடவை புட்டியைச் சாய்த்து நிறுத்தம். மார்பில் வைக்கும் முன் கையால் கொஞ்சம் பீய்ச்சி, பால் ஓடத் தொடங்கியதும் வாய்க்குக் கொடுங்கள். பசி உச்சத்தில் அழும்போது முயன்றால் சண்டைதான், அரைத் தூக்கத்தில் முயன்று பாருங்கள்.

பத்தியம், பால் பெருக்கும் சாப்பாடு

இதைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பூண்டு, முருங்கைக்கீரை, வாழைப்பூ எல்லாம் நல்ல சாப்பாடு, பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் பால் எடுக்காமல் சாப்பாடு மட்டும் பாலைக் கூட்டாது. வெந்தயத்தை மாத்திரையாக விழுங்குவதானால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தைராய்டு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்டுவிட்டு எடுங்கள். ஆன்லைனில் விற்கும் பிஸ்கட்டும் பேரீச்சை பானமும் வாங்கும் காசுக்கு நல்ல பம்ப் ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ தேடுங்கள்.

பால்சுறாப் புட்டு நம் பத்தியத்தில் பெரிய இடம் பிடித்தது, ஆனால் சுறா இனத்தில் பாதரசம் சேரும், பால் கொடுக்கும் தாய்க்குத் தவிர்க்கச் சொல்கிற மீன் அது. கெம்போங், நெத்திலி போதும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று டம்ளரைப் பிடுங்குவார்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். பத்திய நாளில் பிராந்தியோ ஸ்டௌட்டோ கொடுப்பது இங்கே பழக்கம், மது பால் இறங்குவதைத் தடுக்கும், பிள்ளை குறைவாகக் குடிக்கும். தலைக்கு மல்லிகை வைப்பதில் ஒன்றுமில்லை, ஆனால் மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது பாலை வற்ற வைக்க, பால் குறைவாக உள்ளவர் மார்புக்கட்டுக்கு அதைச் செய்துவிடாதீர்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் பால் சட்டென்று குறையும், கலவைக் கருத்தடை மாத்திரையும் குறைக்கும். பால் கொடுக்கிறேன் என்று சொல்லி மருந்து வாங்குங்கள்.

"எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் பத்தவில்லை"

அப்போது காரணம் உங்கள் முயற்சியில் இல்லை, உடம்பில். தைராய்டு, ரத்தசோகை, பிசிஓஎஸ் (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை), பிரசவத்தில் பெரிய ரத்த இழப்பு, முன்பு மார்பில் செய்த ஆபரேஷன், இவற்றை டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமும் பெரிதாகவில்லை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலம் என்றால் சுரப்பித் திசுவே குறைவாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். டொம்பெரிடோன் மாத்திரை சிலருக்கு உதவும், இதயத் துடிப்பில் சிக்கல் செய்யக்கூடியது என்பதால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல், யார் வீட்டு மிச்சத்தையும் வாங்கி விழுங்காதீர்கள்.

எவ்வளவு வருகிறதோ அவ்வளவைக் கொடுத்து மீதியை மாவில் நிரப்பி வளர்க்கலாம், பாதிப் பாலும் பால்தான். எனக்கு அப்படித்தான் நடந்தது, ஆறு மாதம் தாண்டியும் மகள் மார்பில் குடித்தாள். இரவு பம்ப் உங்களைத் தூங்கவிடாமல் அழ வைத்துக்கொண்டே இருந்தால் அதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அதை மிஸ்ஸியிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள், பால் கணக்கைவிட அது அவசரம். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள்.

கூடுதல் பாலை எப்போது குறைப்பது

எடை வாரத்துக்கு 150 கிராமுக்கு மேல் நிலையாக ஏறத் தொடங்கிய பிறகுதான். எல்லா வேளையையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மார்பு நிறைந்திருக்கும் காலை வேளையில் முதலில் 15 மில்லி குறையுங்கள், மூன்று நாலு நாள் பாம்பர்ஸை எண்ணுங்கள், கிளினிக்கில் நிறுங்கள். ஏறினால் அடுத்த வேளையில் குறையுங்கள். சாயங்கால வேளை கடைசியாக இருக்கட்டும், அதில்தான் பால் குறைவாக இருக்கும். எடை நின்றுவிட்டால் குறைத்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள். தனியார் வேலைக்குச் சட்டப்படி 2023-இலிருந்து பேறுகால விடுப்பு 98 நாள், ஆகவே இந்தக் குறைப்பை வேலைக்குத் திரும்பும் கடைசி இரண்டு வாரத்தில் தொடங்காதீர்கள். அந்த நாட்களில் பம்ப் பழக்கத்தையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குச் சங்கிலோ புட்டியிலோ மெதுவாகக் கொடுக்கக் கற்றுத் தருவதையும் மட்டும் செய்தால் போதும்.